குளிரில் கல்லாகும் ரப்பர்

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் ரப்பரை எல்லாக் கோலத்திலும் பார்த்திருக்கிறார்கள். மங்கில் சொட்டும் வெள்ளைப் பாலாக, மரப்பட்டையில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலாக, ஸ்டோரில் ஆசிட் ஊற்றிக் கட்டியாக்கிய பாளமாக, புகைக்கூடத்தில் பழுப்பேறிய ஷீட்டாக. ஆனால் அவர்கள் இங்கே பார்த்திருக்கவே முடியாத ஒரு கோலமும் ரப்பருக்கு உண்டு. அது கல்லாகிப் போன ரப்பர்.

இங்கு புகையூட்டிய ஷீட்டுகள் பெரிய கட்டுகளாகக் கட்டப்பட்டு, கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் கப்பலேறி, இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயின. அங்கே குளிர்காலத்தில் சூடேற்றாத கிடங்குகளில் வாரக்கணக்கில் கிடந்தபோது, இழுத்தால் நீள வேண்டிய பொருள் மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டது. அதைப் பிசையவும் முடியவில்லை, அரைக்கவும் முடியவில்லை. அப்படியே இயந்திரத்தில் போட்டால் ரப்பருக்கு ஒன்றும் ஆகாது, இயந்திரத்துக்குத்தான் கேடு. ஆகவே குளிர்நாட்டு டயர் ஆலைகள் இதற்கென்றே வெப்ப அறைகளை வைத்திருந்தன. கட்டுகளை அங்கே 40, 50 டிகிரி செல்சியசில் அடுக்கி, ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருப்பார்கள். ரப்பர் வெப்பத்தை மிக மெல்லத்தான் கடத்தும். வெளிப்புறம் இளகினாலும் நடுப்பகுதி இளக நேரமெடுக்கும்.

ஷீட் நன்றாக உலர்ந்தது. அதில் உறைந்து பனிக்கட்டியாகும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. அப்படியானால் உறைந்தது எது?

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் ‘உறைதல்’ என்ற ஒரே சொல்லை நாம் பல இடங்களில் பயன்படுத்துகிறோம். பால் தயிராக உறைகிறது, தண்ணீர் பனிக்கட்டியாக உறைகிறது, மரத்துப் பாலும் உறைகிறது என்கிறோம். மங்கிலோ ஸ்டோரிலோ நடப்பது தயிர் வகை. பாலில் மிதக்கும் ரப்பர்த் துளிகளைச் சுற்றிப் புரதங்களும் கொழுப்புப் பொருள்களும் எதிர்மின்னேற்றத்தோடு ஒரு போர்வையாக இருக்கின்றன. பார்மிக் அமிலம் அந்த மின்னேற்றத்தை அழித்துவிடும். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அந்தக் கட்டிக்குள் மூலக்கூறுகள் இன்னும் தாறுமாறாகச் சுருண்டுதான் கிடக்கின்றன. லண்டன் கிடங்கில் நடந்தது வேறு. அங்கே மூலக்கூறுகளே வரிசையில் நின்றன. அதற்குப் பெயர் படிகமாதல். உப்பும் கற்கண்டும் படிகங்கள் என்று நமக்குத் தெரியும். ரப்பரும் படிகமாகும் என்பதுதான் பலருக்குப் புதிய செய்தி.

நீளச் சங்கிலியின் சிக்கல்

உப்பில் ஒவ்வோர் அயனியும் தனித்தனி ஆள். தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. ரப்பர் ஒரு பாலிமர், அதாவது பல்லுறுப்பி. ஐசோப்ரீன் என்ற சிறு அலகுகள் கைகோத்த சங்கிலி அது. ஓர் அலகில் 5 கார்பன், 8 ஹைட்ரஜன். ரப்பரில் இந்த இரண்டும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதை மைக்கேல் ஃபாரடே 1826இலேயே அளந்து சொன்னார். ஓர் அலகின் எடை 68 என்றும், சங்கிலியின் எடை ஏறத்தாழ பத்து லட்சம் என்றும் வைத்துக்கொண்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரே சங்கிலியில் 15 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அலகுகள் வரும்.

இப்படி 15 ஆயிரம் கண்ணிகள் உள்ள சங்கிலிகள் கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது அவை முழுவதுமாக வரிசைக்கு வரவே முடியாது. ஒரு சங்கிலியின் ஒரு பகுதி இங்கே மடிந்து வரிசையில் சேரும். அடுத்த பகுதி வெளியே போய் ஒழுங்கில்லாமல் அலையும். இன்னொரு பகுதி வேறொரு படிகத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் பாலிமர் ஒருபோதும் முழுப் படிகமாவதில்லை. கல்போல் தெரியும் அந்தக் குளிர்காலக் கட்டில்கூட, படிகமானது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான். மீதி பழைய ரப்பரே. ஆனால் அந்தச் சிறு பங்கே மற்ற எல்லாச் சங்கிலிகளையும் ஆணியடித்தாற்போல் பிடித்து வைத்துவிடும்.

அதிகக் குளிர் உதவாது

குளிர் கூடக்கூட ரப்பர் இன்னும் விரைவாகப் படிகமாகும் என்று நினைப்பது இயல்பு. அது தவறு.

பள்ளிச் சபைகூடலை நினைத்துப் பாருங்கள். ஓய்வு நேரத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது வரிசை நிற்காது. எல்லாரும் அசந்து தூங்கிவிட்டாலும் வரிசை நிற்காது. ஆட்டம் அடங்கியிருக்க வேண்டும், அதே சமயம் நடந்து போய்த் தன் இடத்தில் நிற்கும் தெம்பும் இருக்க வேண்டும். மூலக்கூறுகளுக்கு ஆட்டம் என்பது வெப்பம். வெப்பம் மிகுந்தால், அங்கங்கே உருவாகும் சிறு படிக விதை உடனே கலைந்துவிடும். வெப்பம் மிகக் குறைந்தால், விதை இருந்தும் சங்கிலிகள் நகர்ந்து வந்து சேர முடியாது. ரப்பர் ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரியில் கண்ணாடி நிலைக்குப் போய்விடும். அப்போது அது கடினமாகத்தான் இருக்கும், சுத்தியால் அடித்தால் உடைந்து சிதறும். ஆனால் அது படிகம் அல்ல. சங்கிலிகள் நின்ற இடத்திலேயே விறைத்த கூட்டம்.

வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய நிர்ணய அலுவலகத்தில் லாரன்ஸ் வுட், நார்மன் பெக்கெடால் என்ற இருவர் இதைப் பொறுமையாக அளந்து 1946இல் வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. வரிசையில் நிற்கும் கூட்டம் குறைந்த இடத்தைப் பிடிக்கும் என்பதால், படிகமாகும்போது ரப்பரின் கன அளவு இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை நேரத்தோடு குறித்துக்கொண்டே போனால், படிகமாதல் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று தெரிந்துவிடும். கச்சா ரப்பர் மிக விரைவாகப் படிகமாவது மைனஸ் 25 டிகிரியில். அங்கே சில மணி நேரம் போதும். தண்ணீர் உறையும் 0 டிகிரியில் அதே வேலைக்குப் பல நாட்கள் பிடிக்கும். மைனஸ் 50ஐத் தாண்டிக் குளிர்வித்தால் மறுபடியும் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. வரைபடமாகப் போட்டால் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் குன்று போல வரும். இந்தக் குன்றின் வடிவம் ரப்பருக்கு மட்டும் உரியதல்ல. படிகமாகக்கூடிய எல்லாப் பாலிமருக்கும் ஒரு குன்று உண்டு. உச்சி எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான் மாறும்.

நீங்கள் குடிக்கும் தண்ணீர்ப் போத்தல் தெளிவாக இருப்பதும் இந்தக் குன்றினால்தான். பெட் என்ற அந்தப் பாலிமரை உருக்கி, குளிரூட்டிய அச்சில் செலுத்துகிறார்கள். வெப்பநிலை குன்றின் மீது நின்று நிதானிக்காமல் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகிறது. சங்கிலிகளுக்கு வரிசை சேர நேரம் கிடைக்காததால் ஒளி தடையில்லாமல் ஊடுருவும். அதே பொருளை மெல்லக் குளிர்வித்தால் பெரிய படிகத் திரள்கள் வளர்ந்து, ஒளியைச் சிதறடித்து, பால் வெள்ளையாகிவிடும். சூடாக நிரப்பும் சில பானப் போத்தல்களில் கழுத்து மட்டும் வெள்ளையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வெப்பத்தில் நெளியாமல் இருக்க அந்தக் கழுத்தை வேண்டுமென்றே படிகமாக்கியிருக்கிறார்கள்.

குளிர்நாட்டுக் கிடங்குக்குத் திரும்புவோம். வுட்டும் பெக்கெடாலும் கண்ட இன்னொரு செய்தி எனக்கு இதைவிடவும் வியப்பானது. ரப்பர்ப் படிகம் தான் எந்த வெப்பநிலையில் பிறந்தது என்பதை மறப்பதில்லை. ரப்பர் எந்த வெப்பநிலையில் படிகமானதோ, அதற்குச் சில டிகிரி மேலே போனதும் அது உருகத் தொடங்கிவிடும். கடுங்குளிரில் அவசரமாக உண்டானவை சிறிய, ஒழுங்கு குறைந்த படிகங்கள். அவை சீக்கிரம் கலையும். 14 டிகிரி போன்ற மிதமான குளிரில் மெல்ல மெல்ல வளர்ந்தவை ஏறத்தாழ 30 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மிதமான குளிரில் நெடுநாள் கிடந்த கட்டுகளை, அறையில் சும்மா வைத்தால் இளகிவிடும் என்று நம்ப முடியவில்லை. கோலசிலாங்கூரிலோ இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை அரிதாகத்தான் இறங்கும். இங்கே ரப்பர் கல்லாகாமல் இருந்ததில் வியப்பில்லை.

ஒரே அணுக்கள், இரண்டு மரங்கள்

இதுவரை குளிர்ச்சியைப் பார்த்தோம். இனி மூலக்கூறின் வடிவம். இதற்கு ரப்பரைவிடப் பழைய உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி.

ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது. 1876இல் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து நாற்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. ஆனால் அதற்கு முன்பே இந்தத் தீபகற்பத்தின் காடுகளில் தாபான் என்ற மரம் இருந்தது. அதன் பாலிலிருந்து கிடைப்பது கட்டாபெர்ச்சா. பெயர்கூட மலாய்ச் சொற்களிலிருந்து வந்ததுதான். ‘கெத்தா’ என்றால் மரப்பால், உங்களுக்குத் தெரியும். கட்டாபெர்ச்சாவும் ஐசோப்ரீன் சங்கிலியே. அதே 5 கார்பன், அதே 8 ஹைட்ரஜன். ஆனால் ரப்பர் மரத்துப் பால் இழுபடும் பொருளாகிறது. தாபான் பால் நம் வெப்பத்திலேயே கெட்டியான, தோல் போன்ற பொருளாகிறது. வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி பிசையலாம், ஆறினால் மீண்டும் கெட்டி.

வேறுபாடு ஓர் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஐசோப்ரீன் அலகின் நடுவிலும் திருப்ப முடியாத இரட்டைப் பிணைப்பு ஒன்று உண்டு. சங்கிலி அதன் ஒரு பக்கமாக வந்து அதே பக்கமாக வெளியேறினால் அது சிஸ் அமைப்பு. ஒரு பக்கம் வந்து எதிர்ப்பக்கம் வெளியேறினால் டிரான்ஸ். ரப்பர் மரம் கிட்டத்தட்ட முழுவதும் சிஸ், தாபான் டிரான்ஸ். நண்பர்களோடு செய்து பார்க்கலாம். ஒவ்வொருவரும் வலக்கையை வலப்புறமும் இடக்கையை இடப்புறமும் நீட்டிக் கோத்தால் நேர்வரிசை எளிதில் வரும், அது டிரான்ஸ். இரண்டு கைகளையும் ஒரே பக்கமாக நீட்டிக் கோக்கச் சொன்னால் வரிசை வளைந்து நெளியும், அது சிஸ். நேரான சங்கிலிகள் அடுக்கி வைத்த விறகுபோல நெருங்கிப் படியும், அந்தப் படிகத்தைக் கலைக்க 60 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். நெளிந்த சங்கிலிகளை அடுக்குவது கடினம், அடுக்கினாலும் அறை வெப்பமே கலைத்துவிடும்.

இந்தச் சிறு வேறுபாடு உலகத்தையே இணைத்தது என்று சொன்னால் மிகையில்லை. 1843இல் வில்லியம் மான்ட்கோமரி என்ற மருத்துவர் சிங்கப்பூரிலிருந்து கட்டாபெர்ச்சா மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளிலேயே தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. கடலடியின் குளிரில் அது மேலும் உறுதியாகும், உப்பு நீரில் கெடாது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, 1866இல் அட்லாண்டிக் கடலின் குறுக்கே நிலையாகச் செயல்பட்ட தந்தி வடங்கள் எல்லாம் மலாய்த் தீவுக்கூட்டக் காடுகளின் பாலில் பொதிந்தவை. விலை கொடுத்தது காடு. தாபானை ரப்பர் மரத்தைப் போல நாள்தோறும் வெட்டிப் பால் எடுக்கவில்லை. மரத்தையே சாய்த்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ மிகக் கொஞ்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரிய தாபான் மரங்கள் பல இடங்களில் இல்லாமலே போயின.

கட்டாபெர்ச்சாவிலும் குளிர்விக்கும் வேகம் தன் வேலையைக் காட்டும். அதை 65 டிகிரிக்கு மேல் உருக்கி, மிக மிக மெல்லக் குளிர்வித்தால் ஆல்பா என்ற படிக வடிவம் கிடைக்கும். மரத்தில் இயற்கையாக இருப்பதும் அதுவே. வழக்கமான வேகத்தில் ஆறவிட்டால் பீட்டா என்ற வேறொரு வடிவம் வரும். அது சுமார் 10 டிகிரி முன்னதாகவே இளகும். பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்ட உறவினர் வீட்டில் யாராவது இருந்தால், வேர்க்குழிக்குள் அடைத்தது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு கலந்த கட்டாபெர்ச்சாவாக இருக்கும். பல் மருத்துவப் பாடநூல்களில் ஆல்பா, பீட்டா இன்றும் உயிரோடு இருக்கின்றன.

சமையலறையிலும் இதே கணக்கு

இன்று வடக்குச் சிலாங்கூரில் நெடுக ஓட்டிப் போனால் கண்ணில் படுவது செம்பனைதான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே தொடங்கியது. செம்பனை முதன்முதலில் வேர்விட்ட தோட்டத்துக்குத் தென்னை மரத்தின் பெயர் இருப்பது வேடிக்கைதான்.

பனையெண்ணெய் பாலிமர் அல்ல. அதன் மூலக்கூறுகள் மிகக் குட்டை. ஆனாலும் கணக்கு அதே கணக்கு. அதில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள், பாதி நிறைவுறாதவை. நிறைவுற்ற பாமிடிக் அமிலம் நேரான சங்கிலி. 63 டிகிரியில்தான் உருகும். ஒலியிக் அமிலம் பாமிடிக்கைவிட இரண்டு கார்பன் நீளமானது. ஆனால் அதன் நடுவில் ஒரு சிஸ் வளைவு இருக்கிறது. அந்த ஒரே வளைவினால் அது 13 டிகிரியிலேயே உருகிவிடும். அதே ஒலியிக் அமிலத்தின் வளைவை டிரான்சாக மாற்றினால் உருகுநிலை 45 டிகிரிக்கு ஏறும். ரப்பருக்கும் கட்டாபெர்ச்சாவுக்கும் நடுவே பார்த்த அதே வேறுபாடு, சிறிய அளவில்.

ஆலைகளில் எண்ணெயைச் சூடாக்கி, மெல்லக் கிளறிக்கொண்டே, பல மணி நேரம் எடுத்து நிதானமாகக் குளிர்விப்பார்கள். அப்போது நேரான சங்கிலி மிகுந்த பகுதி பெரிய படிகங்களாகப் பிரிந்து வரும். அதை வடிகட்டி எடுத்தால் மீதி நிற்பது நாம் சமைக்கும் தெளிந்த எண்ணெய். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் பொடிப்பொடியாகப் படிகங்கள் தோன்றி, எண்ணெயையும் தமக்குள் பிடித்துக்கொண்டு வடிகட்டியை அடைத்துவிடும். சமையல் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்தால் கலங்குவதும், வெளியே வைத்தால் தெளிவதும் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல.

இழுத்தால் வரிசை, விட்டால் கலையும்

பாதி வெப்பத்திலேயே கலைந்துபோகும் இந்த நெளிந்த சங்கிலியை நம்பி ஏன் இவ்வளவு பெரிய தொழில் எழுந்தது? பதில் அந்த நெளிவிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் ஜான் கஃப் என்ற அறிஞர் இருந்தார். சிறு வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். ரப்பர்த் துண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் சூடாக இருக்கிறது, சுருங்க விட்டால் குளிர்கிறது என்று 1805இல் எழுதினார். வெப்பமானி காட்டாத நுணுக்கத்தை அவருடைய உதடு காட்டியது. 120 ஆண்டுகள் கழித்து, 1925இல், டச்சுக்காரரான ஜே. ஆர். காட்ஸ் இழுத்துப் பிடித்த ரப்பருக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினார். இழுக்காத ரப்பர் மங்கலான வளையத்தைத்தான் காட்டியது. இழுத்ததும் புள்ளிகள் பளிச்சென்று தோன்றின. அந்தப் புள்ளிகள் படிகத்தின் முத்திரை. அதாவது, குளிரே இல்லாமல், அறை வெப்பத்திலேயே ரப்பர் படிகமாகியிருந்தது. விட்டதும் புள்ளிகள் மறைந்தன.

இழுக்கும்போது சங்கிலிகள் ஏற்கெனவே பாதி வரிசைக்கு வந்துவிடுகின்றன. படிகமாக இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதனால் அந்தப் படிகத்தைக் கலைக்கத் தேவையான வெப்பமும் உயர்ந்துவிடுகிறது. சாதாரண ரப்பரை அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் இது தொடங்கும். வரிசை சேரும்போது வெளிவரும் வெப்பமும் கஃபின் உதட்டில் பட்ட சூட்டில் ஒரு பங்கு.

இதனால் என்ன பயன்? ஒரு டயரில் சிறு கீறல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறலின் முனையில்தான் இழுப்பு மிக அதிகம். ஆகவே அங்கேதான் படிகங்கள் எழும். அங்கேதான் ரப்பர் உறுதியாகும். மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க, கிழிய வேண்டிய இடத்தில் மட்டும் சுவர் எழும்புகிறது. சக்கரம் சுழன்று இழுப்பு தளர்ந்ததும் சுவர் தானாகக் கலைந்துவிடும். இந்த வேலையைச் செய்யக் கட்டாபெர்ச்சாவால் முடியாது. அது எப்போதும் படிகம். ஒருபோதும் படிகமாகாத செயற்கை ரப்பரால் தனியாக முடியாது. ரப்பர் மரத்தின் சங்கிலி நடுவில் நிற்கிறது. சும்மா இருக்கும்போது கலைந்து கிடக்கும், தேவைப்படும் இடத்தில் வரிசைக்கு வரும்.

செயற்கை ரப்பர் ஏன் பின்தங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1942இன் தொடக்கத்தில் மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. அவசர அவசரமாக ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டு அலகுகளைக் கலந்து ரப்பர் செய்தார்கள். அதில் இரண்டும் எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறி மாறி வரும். வரிசையில் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு கண்ணியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே அது இல்லை. எவ்வளவு இழுத்தாலும், எவ்வளவு மெல்லக் குளிர்வித்தாலும் அது படிகமாகாது. கார்பன் கரி போன்ற வலுவூட்டும் பொருள் சேர்க்காமல் சோதித்தால், இயற்கை ரப்பரின் இழுவலிமை அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. கரி சேர்த்தால் கார் டயருக்குத் தாராளமாகப் போதும். கனரக லாரி டயருக்குப் போதவில்லை, சூடாகிக் கெட்டது. 1950களில் சிஸ் ஐசோப்ரீனையே ஆலையில் செய்தார்கள். அதிலும் நூற்றுக்குச் சில அலகுகள் தவறான வடிவில் அமைந்துவிடும். அந்தச் சில தப்புக் கண்ணிகளே வரிசையைத் தாமதப்படுத்தப் போதும். இன்றும் விமானம் தரையிறங்கும் டயர்களில் பெரும்பகுதி இயற்கை ரப்பர்.

மரப்பாலில் ரப்பரல்லாத சரக்குகளும் உண்டு. அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் படிகத்துக்கு விதைபோல் உதவி வேகத்தைக் கூட்டும். அசிட்டோனில் ஊறவைத்து அவற்றை நீக்கினால் அதே ரப்பர் மெல்லத்தான் படிகமாகும்.

அப்படியானால் குளிர்நாட்டில் ஓடும் காரின் டயர் ஏன் குளிர்காலத்தில் கல்லாவதில்லை? 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த வழியில், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுகின்றன. பாலம் விழுந்த சங்கிலி விருப்பம்போல் நகர்ந்து வரிசை சேர முடியாது. படிகமாதல் அடியோடு நிற்காது, மிகவும் மந்தமாகும். படிவம் 5 வேதியியலில் வல்கனைசேஷன் படிக்கும்போது, கந்தகம் ரப்பரை உறுதியாக்குகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அது குளிரிலும் ரப்பரை ரப்பராகவே வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் ஆசிரியர் மகிழ்வார்.

இந்த ஆராய்ச்சிகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது நம் வரலாற்றின் ஒரு பகுதி. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கியது. காட்ஸ் தம் எக்ஸ் கதிர்ப் படத்தை வெளியிட்ட அதே ஆண்டு. அதன் சோதனைத் தோட்டம் கோலசிலாங்கூருக்குப் பக்கத்துச் சுங்கை பூலோவில் இருந்தது. 1938இல் இங்கிலாந்தில் எழுந்த இன்னோர் ஆய்வுக்கூடமும் மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பர் மீது வசூலித்த ஆராய்ச்சித் தீர்வையில்தான் நடந்தது. அங்கே பணியாற்றிய ஆலன் ஜென்ட், இழுத்துப் பிடித்த ரப்பர் குளிரில் படிகமாகும்போது அதன் இழுவிசை குறைந்துகொண்டே போவதை 1954இல் அளந்து காட்டினார். காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி நடந்தவர்களின் உழைப்பிலிருந்து போன சில காசுகள், அவர்கள் பார்த்திராத குளிரையும் பார்க்க முடியாத படிகத்தையும் அளக்கச் செலவாயின. அந்த ஆய்வு அறிக்கைகளில் விஞ்ஞானிகளின் பெயர் இருக்கிறது. பால் வெட்டியவர்களின் பெயர் இல்லை.

ஜென்ட் கண்டதை வீட்டிலேயே பார்க்கலாம். பழுப்பு நிறச் சாதாரண ரப்பர் பட்டைகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவை இயற்கை ரப்பராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றை மரக்கோலில் நான்கைந்து மடங்கு இழுத்து மாட்டி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு நாள் வையுங்கள். இரண்டாவதை இழுக்காமல் அதன் பக்கத்தில் போடுங்கள். மூன்றாவதை முதலாவதைப் போலவே இழுத்து மாட்டி, மேசைமேல் வையுங்கள். இரண்டு நாள் கழித்து மூன்றையும் ஒரே நேரத்தில் விடுவியுங்கள். மேசையில் இருந்தது சட்டென்று சுருங்கும். இழுக்காமல் குளிரில் கிடந்தது ஏறக்குறைய எப்போதும்போல் வளையும். கந்தகப் பாலங்கள் அதைக் காப்பாற்றியிருக்கும். இழுத்துக் குளிர்வித்தது மட்டும் தளர்ந்து, நீண்டபடியே சற்று நேரம் கிடக்கும். எவ்வளவு நேரம் என்பது பட்டையில் எவ்வளவு கந்தகம் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே வேறு வேறு கடைப் பட்டைகளை வைத்துச் செய்து, நீளத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கைச்சூட்டில் அது புழுபோல நெளிந்து சுருங்கத் தொடங்கும். அப்போது உருகிக்கொண்டிருப்பவை ரப்பர்ப் படிகங்கள்.